அம்மாவின் முதுகெலும்பு முறிவு: சிமென்ட்டா, பெல்ட்டா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 76 வயது. பத்து நாளுக்கு முன்னால் தரையில் இருந்த வாளியைத் தூக்கக் குனிந்திருக்கிறார். நடு முதுகுக்குக் கீழே சுரீரென்று ஒரு வலி. கீழே விழவில்லை, அடிபடவில்லை. எக்ஸ்ரேயில் எல் 1, அதாவது கீழ்முதுகின் முதல் எலும்பு, முன்பக்கம் அமுங்கியிருக்கிறது. ஒரு மருத்துவர் உடனே அந்த எலும்புக்குள் ஊசி வழியாக எலும்பு சிமென்ட் வைக்கலாம் என்கிறார். இன்னொருவர் பெல்ட் மாட்டிக்கொண்டு மூன்று மாதம் படுத்திருக்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, அம்மா பழையபடி நிமிர்ந்து நடப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பல வருடமாக முதுகெலும்பு நோயாளிகளைப் பார்த்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அவசரம் இன்றைக்கு இல்லை. எனக்குக் கவலை தருவது வேறு. இரண்டு பேருமே எலும்பு ஏன் உடைந்தது என்று பேசியதாக உங்கள் கடிதத்தில் இல்லை. வாளியைத் தூக்கினால் உடைகிற எலும்பு, உடைவதற்கு முன்பே நோயுற்ற எலும்பு. அதை விட்டுவிட்டு உடைந்த இடத்தை மட்டும் பார்த்தால் அடுத்த வருடம் இன்னொரு எலும்பைப் பற்றி எழுதுவீர்கள். முள்ளெலும்பு, அதாவது முதுகெலும்புத் தூணின் ஒரு கட்டை, முறிந்த முதிய பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஒரே வருடத்துக்குள் இன்னொரு முள்ளெலும்பும் முறிகிறது என்று 2001-ல் வந்த ஆய்வு காட்டியது.

அந்த நோய்க்கு எலும்புப்புரை என்று பெயர். இதையும் மூட்டுத் தேய்மானத்தையும் சேர்த்து ‘எலும்புத் தேய்மானம்’ என்று சொல்லிவிடுகிற வழக்கத்தால் பெரிய குழப்பம். மூட்டுத் தேய்மானத்தில் தேய்வது குருத்தெலும்பு, அது வலிக்கும். எலும்புப்புரையில் எலும்பின் உள்ளே இருக்கும் வலைப்பின்னல் மெலிந்து அறுந்துபோகிறது. உடைகிற நாள் வரை வலியே இருக்காது. ‘அம்மாவுக்குத் தேய்மானம்தான், வயசானா வரும்’ என்று யாராவது சொன்னால் எந்தத் தேய்மானம் என்று கேளுங்கள்.

இப்போது அம்மாவுக்கு நடந்தது என்ன? முதுகெலும்பு, செங்கல் அடுக்கியதுபோல் முள்ளெலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த தூண். குனியும்போது பாரம் முழுக்க அந்தக் கட்டைகளின் முன்பக்கத்தில் விழுகிறது. கையில் வாளியும் சேர்ந்தால் பாரம் பல மடங்காகிறது. முன்பக்கம் நொறுங்கி, பின்பக்கம் அப்படியே நின்று, கட்டை ஆப்பு வடிவமாகிவிடும். விலா எலும்புகள் பிடித்துவைத்திருக்கும் விறைப்பான மேல்முதுகும் தாராளமாக அசையும் கீழ்முதுகும் சந்திக்கும் இடம் டி 12 (மேல்முதுகின் கடைசி எலும்பு), எல் 1. ஆகவே அங்கேதான் அதிகம் உடைகிறது. அதற்கு அடுத்தபடியாக மேல்முதுகின் நடுவில் உள்ள டி 7, டி 8. தும்மினால் உடைந்தவர்களையும், நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து உடைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இப்படி முறிபவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு முறிவு கண்டுபிடிக்கப்படுவதே இல்லை. முதுகுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சிகிச்சைக்குப் போகுமுன் ஒரு விஷயத்தை உறுதிசெய்ய வேண்டும். அமுங்கிய எலும்பு எல்லாமே எலும்புப்புரையால் அமுங்கியது இல்லை. புற்றுநோய் பரவியிருக்கலாம், மைலோமா என்கிற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் இருக்கலாம், காசநோயோ வேறு கிருமியோ எலும்பைத் தின்றிருக்கலாம். முன்பு எப்போதாவது புற்றுநோய் வந்திருக்கிறதா, காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, அசையாமல் படுத்திருக்கும்போதும் இரவில் வலி குடைகிறதா என்று பாருங்கள். குனிந்தால், எழுந்தால் வலித்து, படுத்தால் குறைகிற வலி எலும்புப்புரை முறிவின் வழக்கமான குணம். அப்படியே இருந்தாலும் ரத்த அணுக்கள், இஎஸ்ஆர், கால்சியம், கிரியேட்டினின், ஆல்கலைன் பாஸ்படேஸ், வைட்டமின் டி, தைராய்டு, மைலோமாவுக்கான புரதப் பரிசோதனை ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடச் சொல்வேன். ரத்தசோகையும் கூடிய கால்சியமும் சேர்ந்து வந்தால் மைலோமாவைத் தேடாமல் விடவே கூடாது.

எம்ஆர்ஐ எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. ஆனால் அம்மா விஷயத்தில் சிமென்ட் பேச்சு வந்துவிட்டதால் எடுக்காமல் முடிவு செய்யாதீர்கள். எக்ஸ்ரேயில் எலும்பு அமுங்கியிருப்பது தெரியும். அமுங்கியது போன வாரமா, ஐந்து வருடத்துக்கு முன்பா என்று தெரியாது. புது முறிவில் எலும்புக்குள் நீர் கோத்திருப்பதை எம்ஆர்ஐ காட்டிக்கொடுக்கும். பேஸ்மேக்கர் போன்ற காரணத்தால் எம்ஆர்ஐ முடியாதவர்களுக்கு சிடி ஸ்கேனும் எலும்பு ஸ்கேனும் இருக்கின்றன.

எதற்கும் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடவேண்டிய அறிகுறிகள் சில உண்டு. கால்களில் பலம் குறைவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போய்விடுவது, மலம் கட்டுப்படாமல் போவது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது. தண்டுவடமோ நரம்புகளோ நசுங்குகின்றன என்று அர்த்தம். அங்கே அறுவை சிகிச்சைப் பேச்சு வேறு. அதேபோல முதுகு முழுக்க இறுகி ஒரே மூங்கில்போல ஆகிவிட்ட நோய் உள்ளவர்கள் லேசாக விழுந்து முதுகு வலித்தாலும், அதைச் சாதாரண முறிவு என்று நினைக்கக்கூடாது. அவர்களுக்கு நீளமான குச்சி முறிவதுபோல் முறியும், நகர்ந்துவிடும்.

சரி, அம்மாவுக்கு அப்படி எதுவும் இல்லை, கால் நன்றாக அசைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முதல் வேலை வலியை அடக்குவது. இதில் பெரும்பாலும் நடக்கிற தவறு, வலி தாங்கமுடியாமல் போனபிறகு ஒரு மாத்திரை கொடுப்பது. பாராசிட்டமாலை வேளை தவறாமல் கொடுக்கவேண்டும். இந்த வயதில் ஒரு நாளைக்கு 3 கிராமைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது பாதுகாப்பு; உடல் மெலிந்தவர், கல்லீரல் நோய் உள்ளவர் என்றால் இன்னும் குறைவாக. டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் வலியை நன்றாகவே குறைக்கும்; ஆனால் 76 வயது சிறுநீரகமும் வயிறும் ரத்த அழுத்தமும் அதற்கு விலை கொடுக்கும். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் சில நாட்களுக்கு மட்டும், மருத்துவர் கண்காணிப்பில். அதற்கும் அடங்காவிட்டால் டிரமடால் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மருந்துகளைக் குறைந்த அளவில், குறைந்த நாளுக்குத் தருவார்கள். இதில் மூன்று தொல்லைகள்: மலச்சிக்கல், தலைச்சுற்றல், குழப்பம். முறிந்த முதுகோடு முக்குவது கொடுமை. ஆகவே ஓபியாய்டு தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்கவேண்டும். இரவில் தடுமாறி விழுந்தால் அடுத்து இடுப்பெலும்பு. முதல் சில வாரங்களுக்கு கால்சிடோனின் என்ற ஹார்மோன் மருந்து கொடுக்கும் பழக்கமும் உண்டு. புது முறிவின் வலியைச் சிலருக்கு ஓரளவு குறைக்கிறது. நான்கு வாரத்துக்கு மேல் அதை நீட்டுவதில் பொருளில்லை.

அடுத்து, மூன்று மாதப் படுக்கை. இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். 2007-ல் வெளியான ஓர் ஆய்வில் நோயில்லாத, நன்றாக நடமாடிய முதியவர்களைப் பத்தே நாள் படுக்கவைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. பத்து நாளுக்கே அப்படியென்றால் மூன்று மாதத்தில் என்ன மிஞ்சும்? எலும்பும் பாரம் சுமந்தால்தான் பலமாக இருக்கும். படுத்தேயிருந்தால் புரை இன்னும் கூடும். நுரையீரலில் சளி சேரும், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும். எலும்பு முறிந்து வந்தவர் படுக்கைப்புண்ணோடு திரும்பிவருவதைப் பார்ப்பது என் தொழிலில் மனசுக்கு மிகவும் கஷ்டமான காட்சி. முதல் இரண்டு மூன்று நாள், வலி உச்சத்தில் இருக்கும்போது படுத்திருக்கட்டும். அப்புறம் எழுப்புங்கள். முதலில் கட்டில் ஓரத்தில் உட்காருவது, பிறகு கழிப்பறை வரை, பிறகு அறைக்குள் நான்கு சுற்று. களைத்தால் அரைமணி மல்லாந்து படுத்துவிட்டு மறுபடியும்.

எழுப்பும் முறையில்தான் வித்தை இருக்கிறது. மல்லாந்து படுத்திருப்பவரைக் கையைப் பிடித்து நேராக இழுத்து உட்காரவைத்தால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகவே உருளும்படி, மரக்கட்டையை உருட்டுவதுபோல ஒருக்களிக்கச் செய்யவேண்டும். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டே, கீழே இருக்கும் முழங்கையை ஊன்றி அவரே எழவேண்டும். ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒருநாள் வந்து காட்டினால் போதும், நீங்களும் அம்மாவும் கற்றுக்கொள்வீர்கள். வலி மாத்திரை கொடுத்து முக்கால் மணி கழித்து எழுப்பினால் பாதிப் போராட்டம் குறையும்.

பெல்ட்டைப் பற்றி: போடலாம், ஆனால் அதுதான் எலும்பைச் சேர்க்கிறது என்று நம்பவேண்டாம். விறைப்பான பெல்ட், மெல்லிய பெல்ட், பெல்ட்டே இல்லை என்று மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அது செய்வது, குனியாதே என்று ஞாபகப்படுத்துவதும் நிமிர்ந்து உட்கார ஒரு தைரியம் கொடுப்பதும். அம்மாவுக்கு அதைப் போட்டால் நடக்க முடிகிறது என்றால், எழுந்திருக்கும் நேரத்தில் மட்டும், ஆறு முதல் எட்டு வாரம் போடட்டும். மூச்சை இறுக்குகிறது, தோலைக் கிழிக்கிறது என்றால் கழற்றிப் போடுங்கள்.

இனி சிமென்ட். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் நம்பிக்கையும் சண்டையும் நிறைய.

1984-ல் பிரான்சில் கலிபேர், டெராமோன் என்ற இரு மருத்துவர்கள், ரத்தக்குழாய்க் கட்டியால் அரித்துப்போன ஒரு கழுத்து முள்ளெலும்புக்குள் ஊசி வழியாக எலும்பு சிமென்ட்டைச் செலுத்தினார்கள். வலி போய்விட்டது. அதுதான் வெர்டிப்ரோபிளாஸ்டி. பின்னர் எலும்புப்புரை முறிவுகளுக்கும் அதையே செய்ய ஆரம்பித்தார்கள். படுக்கையில் துடித்தவர்கள் மறுநாள் எழுந்து நடந்தார்கள். பார்த்த எல்லோருக்கும் அற்புதமாகத்தான் இருந்தது.

2009-ல் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்றில் 78 பேர், இன்னொன்றில் 131 பேர். பாதிப்பேருக்கு உண்மையான சிமென்ட், மீதிப்பேருக்கு நாடகம். மரப்பு ஊசி போட்டு, முதுகில் அழுத்தி, அறை முழுக்க அந்த சிமென்ட் வாசனை வரும்படி டப்பாவையும் திறந்துவைத்தார்கள். சிமென்ட் மட்டும் போடவில்லை. முடிவு? இரண்டு பிரிவுக்கும் வலி ஒரே மாதிரி குறைந்தது. நாங்கள் கண்ணால் பார்த்த அற்புதத்தில் பெரும்பங்கு, எலும்பு தானாக ஆறியதும் மரப்பு மருந்தும் நம்பிக்கையும் செய்த வேலை என்று அர்த்தம். பழைய முறிவுக்காரர்களையும் சேர்த்துவிட்டார்கள் என்று ஆட்சேபம் வந்தது. நியாயமான ஆட்சேபம்தான். 2016-ல் ஆஸ்திரேலியாவில் ஆறு வாரத்துக்கு உட்பட்ட முறிவும் கடும் வலியும் உள்ள 120 பேரை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். பதினான்காம் நாளில் சிமென்ட் வைத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு வலி பத்துக்கு நான்குக்கும் கீழே போயிருந்தது. வைக்காதவர்களில் 21 சதவீதம். ஆக, சிமென்ட் வென்றது. ஆனால் 2018-ல் நெதர்லாந்தில் 180 பேரிடம் செய்த ஆய்வில் மறுபடியும் வித்தியாசம் இல்லை.

பலூனை உள்ளே விரித்து இடம் உண்டாக்கி சிமென்ட் நிரப்புவது கைஃபோபிளாஸ்டி. 2009-ல் வந்த 300 பேர் ஆய்வில் முதல் மாதம் நல்ல பலன் தெரிந்தது. வருடம் முடிவதற்குள் இடைவெளி குறைந்துவிட்டது. அதில் நாடகச் சிகிச்சைப் பிரிவு கிடையாது என்பதையும் மறக்கவேண்டாம்.

ஆபத்து அதிகமில்லை, இல்லாமலும் இல்லை. சிமென்ட் வெளியே கசிவது அடிக்கடி நடக்கும், பெரும்பாலும் தொந்தரவு தராது. எப்போதாவது நரம்பை அழுத்தும், ரத்தக்குழாய் வழியே நுரையீரலுக்குப் போகும்.

இத்தனைக்கும் பிறகு நான் எடுக்கும் நிலை இது. பத்து நாள் ஆன முறிவுக்கு, வலி மருந்தை ஒழுங்காகக் கொடுத்துப் பார்க்காமலே சிமென்ட் வைக்கமாட்டேன். ஒழுங்காகக் கொடுத்தும் இரண்டு மூன்று வாரத்தில் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை, ஓபியாய்டில் மயங்கிக் கிடக்கிறார், எம்ஆர்ஐயில் அதே எலும்பில் நீர் கோத்திருக்கிறது, தட்டினால் அதே இடம்தான் வலிக்கிறது என்றால் வைப்பேன். மாதங்கள் கழிந்தும் எலும்பு கூடாமல், உள்ளே காற்றுப்பை உண்டாகி, அசையும்போதெல்லாம் வலிக்கிற நிலை ஒன்று உண்டு. க்யூமெல் நோய் என்பார்கள். அங்கும் சிமென்ட் கைகொடுக்கும். உங்கள் அம்மா மெல்ல நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் காத்திருங்கள். பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் வலி அடங்கிவிடும்.

திருகாணி, கம்பி வைக்கும் பெரிய அறுவை சிகிச்சை நரம்பு நசுங்கியவர்களுக்கும் முதுகுத்தண்டு நிலைகுலைந்தவர்களுக்கும்தான். புரையோடிய எலும்பில் திருகாணி பிடிக்காது, ஈரச்சுவரில் அடித்த ஆணி மாதிரி கழன்றுவரும். அதனால் அதைத் தேவையில்லாமல் தொடமாட்டோம்.

இப்போது, இரு மருத்துவர்களும் சொல்லாமல் விட்டது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் டி ஸ்கோர் (இளம் வயது எலும்போடு ஒப்பிட்ட எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. ஆனால் ஸ்கோர் மைனஸ் 1.8 என்று வந்தாலும் ‘அப்பாடா’ என்று விடாதீர்கள். வேறு நோயில்லாமல், அடிபடாமல் முள்ளெலும்பு முறிந்துவிட்டாலே அது எலும்புப்புரைதான். போதாததற்கு, அமுங்கிய எலும்பு இயந்திரத்தின் கண்ணுக்கு அடர்த்தியாகவே தெரியும். எலும்பை மெலியவைக்கும் மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள்: ஸ்டீராய்டு மாத்திரை, மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் தடுப்பு மாத்திரை, சில வலிப்பு மருந்துகள், அளவு கூடிப்போன தைராய்டு மாத்திரை.

கால்சியமும் வைட்டமின் டியும் அஸ்திவாரம். அஸ்திவாரம் மட்டும் வீடாகாது. உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு சுமார் 1200 மி.கி. கால்சியம், 800 முதல் 1000 யூனிட் வைட்டமின் டி. இதைக் கொடுத்துவிட்டு எலும்புக்கு வைத்தியம் பார்த்தாயிற்று என்று நினைப்பவர்கள்தான் அதிகம்.

உண்மையான மருந்துகளில் பழகியது அலென்ட்ரோனேட், வாரம் ஒருமுறை 70 மி.கி. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் நிமிர்ந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். முதுகு முறிந்து உட்காரவே முடியாதவருக்கு இது சரிப்படாது. அவர்களுக்கு வருடம் ஒருமுறை ரத்தக்குழாயில் ஏற்றும் ஜோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி. வசதி. 2007-ல் வந்த பெரிய ஆய்வில் மூன்று வருடத்தில் புதிய முள்ளெலும்பு முறிவுகளை 70 சதவீதம் குறைத்தது. ஏற்றுமுன் சிறுநீரகமும் வைட்டமின் டி அளவும் சரியாக இருக்கவேண்டும். பிடுங்கவேண்டிய பல் இருந்தால் முதலில் பிடுங்கிவிடுங்கள். தாடையெலும்பு பாதிப்பு மிக அரிது என்றாலும் தவிர்க்கக்கூடியது.

ஒன்றுக்கு மேல் எலும்பு முறிந்திருந்தாலோ மிக மோசமாக அமுங்கியிருந்தாலோ, எலும்பைக் கட்டுகிற மருந்தில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. டெரிபாரடைடு, நாளுக்கு 20 மைக்ரோகிராம், தோலுக்கடியில் ஊசி, வழக்கமாக இரண்டு வருடம் வரை. கடுமையான எலும்புப்புரை உள்ள பெண்களிடம் அதை அலென்ட்ரோனேட் வகை மருந்தான ரைஸிட்ரோனேட்டோடு ஒப்பிட்ட 2018 ஆய்வில், டெரிபாரடைடு பிரிவில் புதிய முறிவுகள் பாதிக்கும் குறைவு. ரோமோசோசுமாப் என்ற மாத ஊசியும் இருக்கிறது. சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு ஆகாது. இந்த இரண்டில் எதை முடித்தாலும் கட்டிய எலும்பைக் காப்பாற்ற அடுத்த மருந்து உடனே தொடரவேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைப் பற்றித் தனியாக எச்சரிக்கிறேன். நல்ல மருந்து. ஆனால் ‘வலிதான் இல்லையே’ என்று ஊசியைத் தள்ளிப்போட்டால் அடக்கிவைத்திருந்த எலும்புச் சிதைவு வேகமாகத் திரும்பும். சிலருக்கு ஒரே நேரத்தில் மூன்று நான்கு முள்ளெலும்புகள் முறியும். தவறாமல் போட முடியும் என்றால் தொடங்குங்கள். நிறுத்துவதானால் மாற்று மருந்தோடு நிறுத்துங்கள்.

வலி குறைந்ததும் உடற்பயிற்சி. குனிந்து கால்விரலைத் தொடுவது, வயிற்றுக்காக எழுந்து எழுந்து படுப்பது, தண்டுவடத்தை வளைத்து முறுக்கும் ஆசனங்கள், இவை எதுவும் இனி வேண்டாம். 1984-லேயே எலும்புப்புரை உள்ள 59 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முன்னால் வளையும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிய முறிவு; முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் எந்தப் பிசியோதெரபிஸ்ட்டும் அதை மறப்பதில்லை. தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது, சுவரில் முதுகைச் சாய்த்து நிமிர்ந்து நிற்பது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, ஒற்றைக்காலில் பிடித்துக்கொண்டு நிற்பது, நடை. வீட்டில் வழுக்கும் மிதியடி, இருட்டான கழிப்பறை வழி, இரவுத் தூக்கமாத்திரை ஆகிய மூன்றையும் ஒரு கண் பாருங்கள். வாளியைப் பாதியளவே நிரப்பி, ஸ்டூல்மேல் வையுங்கள்.

நிமிர்ந்து நடப்பாரா என்று கேட்டீர்கள். நடப்பார். அமுங்கிய எலும்பின் உயரம் திரும்பாது, லேசான கூன் நிற்கும். ஆனால் இப்போது தெரியும் கூனில் ஒரு பங்கு வலியும் தசையின் சோர்வும். அது பயிற்சியில் திரும்பும். எழுந்து நிற்க முடிந்த அன்று அம்மாவைச் சுவரோரம் நிறுத்தி, தலைக்கு மேலே பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் பாருங்கள். கோடு இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், வலி இல்லாவிட்டாலும் மறுபடி எக்ஸ்ரே எடுக்கவேண்டும்.